வீட்டுப் பட்டறை: ஆணியும் திருகாணியும்



மார்கழி பிறந்துவிட்டால் நம் மைசூர்த் தமிழ்க் குடும்பங்களில் ஊர்ப் பயணத்தைப் பற்றிய பேச்சும் பிறந்துவிடுகிறது. விடுமுறைக்கு விண்ணப்பம் எழுதுகிறோம். குழந்தைகளுக்குப் புத்தாடை எடுக்கிறோம். ஊரிலுள்ள பெரியவர்களுக்கு மைசூர்பாகும் சந்தன வில்லையும் வாங்கி வைக்கிறோம். அத்தனை பேரையும் அத்தனை பொருள்களையும் சுமந்து மலையிறங்கப் போகின்ற காரின் பிரேக்கை மட்டும் புறப்படும் நாள்வரை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

கோபி, ஈரோடு, கோவைப் பக்கம் செல்லும் நம்மவர்களில் பலர் நஞ்சன்கூடு, சாமராஜநகர், ஆசனூர் வழியே சென்று திம்பம் மலைப்பாதையில் இறங்குவது வழக்கம். இருபத்தேழு கொண்டையூசி வளைவுகளைக் கடந்தால்தான் பண்ணாரியில் சமவெளியைத் தொடலாம். அவ்விறக்கத்தில் நம் உயிரைக் காப்பது சக்கரத்துக்குள்ளே ஒளிந்திருக்கும் விரல் அகலத் தகடுகளே. ஆகவே இத்திங்கள், பின்சக்கர டிஸ்க் பிரேக்கின் பேடுகளை வீட்டு வாயிலிலேயே மாற்றும் முறையைப் பற்றி எழுதத் துணிந்தேன்.

இதை எழுதத் தூண்டியது சென்ற ஆண்டு எங்கள் தெருவில் நடந்த ஒரு நிகழ்ச்சி. என் நண்பர் ஒருவரின் மகன் பொங்கலுக்குத் தாயாரை ஊருக்கு அழைத்துச் செல்வதாக இருந்தான். பிரேக் மிதிக்கும்போதெல்லாம் பின்பக்கத்திலிருந்து கீச்சென்ற ஒலி வருவதாகத் தாயார் சொல்லியிருக்கிறார். வண்டியைப் பழுதுபார்க்கும் இடம் ஒன்றில் காட்டியபோது, முன்சக்கரங்களை மட்டும் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக உள்ளது என்று அனுப்பிவிட்டார்கள். ஒலி நிற்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனே கருவிகளை வாங்கிக்கொண்டு வந்து வாயிலில் அமர்ந்துவிட்டான்.

நான் அவ்வழியே சென்றபோது பழைய பேடுகள் கழற்றப்பட்டிருந்தன. உட்புறப் பேடின் உராயும் பகுதி முற்றும் தேய்ந்து, இரும்புத் தகடே டிஸ்கில் கோடு கிழிக்கத் தொடங்கியிருந்தது. அவனோ ஒரு சி கிளாம்பைப் பூட்டி, வெளியே நீண்டிருந்த பிஸ்டனை உள்ளே தள்ள முயன்றுகொண்டிருந்தான். நெற்றியில் வியர்வை வழிந்தது. பிஸ்டன் இம்மியும் நகரவில்லை.

"துருப் பிடித்து இறுகிவிட்டது சித்தப்பா. நீண்ட குழாய் ஒன்றைச் செருகி இன்னும் கொஞ்சம் விசை கொடுத்தால் இறங்கிவிடும்," என்றான்.

"பொறு அப்பனே! ஆணியை அடித்து இறக்கலாம். திருகாணியைத் திருகித்தான் இறக்க வேண்டும். நீ திருகாணியை அடித்துக்கொண்டிருக்கிறாய்," என்று தடுத்தேன்.

இத்தொழிலில் பலரும் இடறும் இடம் இதுவே. ஆதலின் அதை முதலில் விளக்கிவிடுகிறேன்.

டிஸ்க் பிரேக் என்பது எளிய அமைப்பு. சக்கரத்தோடு சுழலும் ஓர் இரும்புத் தட்டை இருபுறமும் இரு பேடுகள் இறுகப் பிடிக்கின்றன. நாம் பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலின் அழுத்தத்தால் பிஸ்டன் வெளியே வந்து பேடை அழுத்துகிறது. லான்செஸ்டர் என்ற ஆங்கிலப் பொறியாளர் 1902-ஆம் ஆண்டிலேயே இத்தகைய பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் 1953-இல் பிரான்சு நாட்டு லெ மான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார் வெற்றி பெற்ற பின்னரே உலகம் அதன் அருமையை நன்கு உணர்ந்தது. நம் சென்னைப் பாடியில் 1962-இல் பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் தோன்றியது. பிரேக் செய்யும் தொழில் தமிழருக்கு அன்னியமானதன்று.

முன்சக்கரத்தில் பிஸ்டனுக்கு ஒரே வேலைதான். பேடு தேயத்தேய அது வெளியே வருகிறது. புதுப் பேடு போடும்போது நேராக அழுத்தி உள்ளே தள்ளிவிடலாம். பின்சக்கரத்திலோ அதற்கு இரண்டு வேலைகள். ஓடும் வண்டியை நிறுத்துவது ஒன்று. நிறுத்திய வண்டி நகராமல் கைப்பிரேக்கால் பிடித்துவைப்பது மற்றொன்று. இந்த இரண்டாம் வேலைக்காகப் பல கார்களில் பிஸ்டனுக்குள்ளே மரையுள்ள தண்டு ஒன்றை அமைத்திருக்கிறார்கள். பேடு தேயும் அளவுக்கு ஏற்ப அம்மரை தானே முன்னேறி, கைப்பிரேக் தளராமல் பார்த்துக்கொள்கிறது. அத்தகைய பிஸ்டனை நேராக அழுத்தினால் ஒன்று அது அசையாது. அல்லது உள்ளேயுள்ள மரை சிதைந்து, காலிப்பர் முழுவதையும் மாற்ற நேரிடும். அதைத் திருப்பிக்கொண்டே அழுத்த வேண்டும். பெரும்பாலும் வலஞ்சுழியாகத் திருப்பினால் உள்ளே செல்லும். சில கார்களில் ஒரு பக்கம் வலமும் மறுபக்கம் இடமும் இருப்பதுண்டு. பிஸ்டன் முகத்திலுள்ள பள்ளங்களில் பொருந்தித் திருப்புவதற்கென்றே கருவி விற்கிறது.

எல்லாக் கார்களின் பின்சக்கரமும் ஒன்றுபோல் இரா. நம் நாட்டுச் சிறு கார்கள் பலவற்றில் பின்னால் டிரம் பிரேக்தான் உள்ளது. அதன் வேலை முறை வேறு. டிஸ்க் உள்ளவற்றில், கைப்பிரேக்கின் கம்பி காலிப்பரில் உள்ள ஒரு நெம்புகோலில் வந்து மாட்டியிருந்தால் அது திருகும் வகை. கம்பி டிஸ்கின் நடுவிலுள்ள சிறு டிரம்முக்குள் சென்றால், பிஸ்டனை நேராகத் தள்ளலாம். கைப்பிரேக்குக்குப் பதில் பொத்தான் உள்ள புதிய கார்களில் காலிப்பரோடு மின்மோட்டார் இணைந்திருக்கும். அவற்றில் கையேட்டில் கூறியபடி பிரேக்கைப் பழுதுபார்ப்பு நிலைக்குக் கொண்டுவந்த பின்னரே கை வைக்க வேண்டும். இல்லையேல் மோட்டார் கெடும். எதிர்பாராமல் இயங்கினால் விரலும் நசுங்கும். உங்கள் கார் எவ்வகை என்று அறியாமல் ஸ்பேனரைத் தொடாதீர்கள்.

இனி வேலையின் ஒழுங்கைக் காண்போம்.

வண்டியைச் சமதளமான கெட்டித் தரையில் நிறுத்துங்கள். முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வையுங்கள். கியரில் நிறுத்திவிட்டுக் கைப்பிரேக்கைத் தளர்த்திவிடுங்கள். அது இழுத்தபடி இருந்தால் பேடு வெளியே வராது. சக்கர நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திக்கொண்டு, அதன் பிறகு ஜாக்கியால் தூக்குங்கள். தூக்கிய வண்டியின் கீழ் உறுதியான ஸ்டாண்டை வைத்து அதன்மேல் வண்டியை அமர்த்துங்கள். ஜாக்கி தூக்குவதற்கு உரியது. தாங்கி நிற்பதற்கு உரியதன்று. செங்கல்லை அடுக்கி வைப்பது அதனினும் ஆபத்து. அது எச்சரிக்கையின்றி நொறுங்கும்.

ஒரு சமயத்தில் ஒரு பக்கத்தை மட்டுமே கழற்றுங்கள். எந்தக் கிளிப் எங்கே இருந்தது என்ற ஐயம் எழுந்தால், மறுபக்கம் பார்த்தறியும் பாடநூலாக இருக்கும். ஆனால் மாற்றும்போது இரு பின்சக்கரங்களிலும் மாற்றியே தீரவேண்டும். ஒரு பக்கம் புதிதும் மறுபக்கம் பழையதுமாக இருந்தால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒருபுறம் இழுக்கும்.

காலிப்பரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் கழற்றியதும் அதைக் கம்பியால் மேலே கட்டித் தொங்கவிடுங்கள். அதன் எடையை ரப்பர்க் குழாய் தாங்கக் கூடாது. குழாய் உள்ளே கிழிந்தால் வெளியே தெரியாது. பழைய பேடுகளை எடுத்து அவற்றின் தேய்மானத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். புதிய பேடில் உராயும் பகுதி ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் கனம் இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றுவது நலம். உட்புறப் பேடு மட்டும் மிகுதியாகத் தேய்ந்திருந்தால், காலிப்பர் வழுக்கிச் செல்லும் பின்கள் இறுகியிருக்கின்றன என்பது பொருள். அவற்றைத் துடைத்துப் பிரேக்குக்கு உரிய கிரீஸ் இடாமல் புதுப் பேடு போட்டால் அதுவும் அவ்வாறே தேயும். எங்கள் தெரு இளைஞனின் வண்டியில் நேர்ந்ததும் இதுவே.

டிஸ்கையும் பாருங்கள். எவ்வளவு கனம்வரை தேயலாம் என்பதை அதன் விளிம்பிலோ நடுப்பகுதியிலோ பொறித்திருப்பார்கள். அதற்குக் குறைந்திருந்தாலும் ஆழமான கோடு விழுந்திருந்தாலும் டிஸ்கையும் மாற்ற வேண்டும். பிரேக் தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதாதீர்கள். பழைய பேடுகள் சிலவற்றில் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் இருந்ததுண்டு. மற்றத் தூசியும் நல்லதன்று. முகத்தில் துணி கட்டிக்கொண்டு, பிரேக் கிளீனர் தெளித்து ஈரமாகத் துடைத்தெடுங்கள்.

பிஸ்டனை உள்ளே செலுத்துவதற்கு முன் பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். பிஸ்டன் உள்ளே செல்லும்போது ஆயில் மேலேறும். முன்பே நிறைய ஊற்றி வைத்திருந்தால் வழிந்துவிடும். அது வண்டியின் பெயிண்டை அரிக்கும் இயல்புடையது. பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் உறை முறுக்கிக்கொள்ளாமல் மெல்லத் திருப்புங்கள். முழுவதும் உள்ளே சென்றபின், சில வண்டிகளில் பேடின் முதுகில் உள்ள சிறு குமிழ் பிஸ்டனின் பள்ளத்தில் அமருமாறு நிறுத்த வேண்டும். கிரீஸ் பேடின் காதுகளிலும் பின்களிலும் மட்டுமே படலாம். உராயும் முகத்தில் ஒரு துளி பட்டாலும் பிரேக் வழுக்கும்.

போல்ட்டுகளைக் கையேட்டில் கண்ட அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். சக்கரத்தை மாட்டி, நட்டுகளை ஒன்றுக்கு எதிர் ஒன்றாக இறுக்குங்கள். மறுபக்கத்தையும் இவ்வாறே முடியுங்கள்.

நிற்க. இப்போது சொல்லப்போவதை மறந்தவர்கள் பலர். மறந்து சுவரில் மோதியவர்களும் உண்டு. பிஸ்டன்கள் உள்ளே சென்றுவிட்டபடியால் முதல் மிதிக்குப் பெடல் வெறுமனே தரைவரை செல்லும். ஆகவே என்ஜினைக் கிளப்பி வண்டியை நகர்த்துவதற்கு முன்பே, பெடல் கெட்டிப்படும்வரை பலமுறை மெல்ல மிதிக்க வேண்டும்.

அன்று அந்த வேலையை இளைஞனின் தாயாரிடமே ஒப்படைத்தேன். "அண்ணி, நீங்கள் உள்ளே அமர்ந்து பெடலை நிதானமாக மிதியுங்கள்," என்றேன். பொங்கலுக்கு அவ்வண்டியில் செல்லப்போகிறவர் அவரல்லவா!

நான்கைந்து முறை மிதித்துவிட்டு, "முதலில் பஞ்சு மூட்டையை மிதித்ததுபோல் இருந்தது தம்பி, இப்போது கல்லை மிதித்ததுபோல் நிற்கிறது," என்றார் அவர். அதைக் காட்டிலும் தெளிவான சோதனை வேறு இல்லை. அவ்வாறு கெட்டிப்படாமல் பஞ்சுபோலவே இருக்குமாயின், குழாயில் காற்று புகுந்துள்ளது என்று கொண்டு, வண்டியை நகர்த்தாமல் தேர்ந்த மெக்கானிக்கை வீட்டுக்கு அழைப்பதே அறிவுடைமை.

பின்னர் ஆயில் மட்டத்தைச் சரிபார்த்து, கைப்பிரேக்கைப் பலமுறை இழுத்து விடுங்கள். உள்ளேயுள்ள மரை தன் அளவைத் தானே கண்டுகொள்ளும். புதுப் பேடு டிஸ்கோடு பழகவும் வேண்டும். ஆளில்லாத நேரான சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 20-க்கு மெதுவாகக் குறைப்பதைப் பத்து முறை செய்யுங்கள். ஒவ்வொரு முறைக்கும் இடையே டிஸ்க் ஆறும்படி சிறிது தூரம் ஓட்டுங்கள். இறுதியில் வண்டியை நிறுத்திப் பின்சக்கரங்களின் அருகே கையை நீட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் அனலடித்தால் அங்கே ஏதோ இறுகி நிற்கிறது.

இவ்வளவு வற்புறுத்துவானேன் என்று கேட்பீர்கள். என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், பெட்ரோல் மிச்சமாகும் என்ற பேதைமையால், திம்பத்தில் கியரை விலக்கிவிட்டுப் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினேன். பாதி வழியில் கருகிய நாற்றம் வந்தது. அடுத்த வளைவில் பெடல் காலடியில் ஆழ இறங்கியது. என் மனைவியும் குழந்தைகளும் பின்னால் அமர்ந்திருந்தனர். முதல் கியரைப் போட்டு, கைப்பிரேக்கை இழுத்து, மலைப்பக்கத்து மண்மேட்டில் உரசி நிறுத்தினேன். மறுபக்கம் பள்ளத்தாக்கு. அன்று எங்களைக் காத்தது என் திறமையன்று; அம்மண்மேடு அங்கே இருந்ததுதான்.

நடந்தது என்னவென்று பின்னர்த்தான் கணக்கிட்டுப் பார்த்தேன். நால்வரும் சுமையும் ஏறிய கார் ஏறத்தாழ 1,500 கிலோ எடை இருக்கும். அது 100 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், நான்கு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. கியர் துணைசெய்யாவிட்டால் அவ்வளவு வெப்பமும் பெரும்பாலும் பிரேக்கிலேயே இறங்குகிறது. மலையடிவாரம்வரை அத்தகைய நூறு மீட்டர்கள் எத்தனை! பேடு தேய்ந்திருந்தால் வெப்பம் விரைவில் ஆயிலை எட்டுகிறது. டாட் 4 என்ற வகைப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கையில் 230 டிகிரி செல்சியசு வரையேனும் கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஆனால் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் பொருள். நீர் கலந்த பழைய ஆயில் 155 டிகிரி அளவிலேயே கொதித்துவிடக் கூடும். கொதித்தால் ஆவி; ஆவி பெடலுக்குக் கீழே பஞ்சு. ஆகவே பேடு மாற்றுவதோடு, கையேட்டில் சொன்ன காலத்தில், பெரும்பாலும் ஈராண்டுக்கு ஒருமுறை, ஆயிலையும் மாற்றிவிடுங்கள். இறங்கும்போது ஏறுவதற்குப் போடும் கியரிலேயே இறங்குங்கள்.

நம்மூரில் சோதனைக்கு இடமும் உண்டு. சாமுண்டி மலைச்சாலை நகரத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் உயரம் ஏறுகிறது. புதுப் பேடு பழகியபின், கூட்டமில்லாத விடியற்காலையில் ஒருமுறை ஏறி, இரண்டாம் கியரில் இறங்கிப் பாருங்கள். ஒலியோ இழுப்போ நாற்றமோ இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். குறையைச் சாமுண்டி மலையில் கண்டால் வீடு திரும்பலாம். திம்பத்தில் கண்டால் திரும்புவது எங்கே?

நம் சங்கத்து மூத்தவர்களுக்கு இவையெல்லாம் புதியன அல்ல. இதே மைசூரில் ஜாவா, யெஸ்டி மோட்டார் சைக்கிள்கள் உருவான காலத்தில், ஞாயிறுதோறும் தம் வண்டியின் டிரம்மைத் தாமே கழற்றித் துடைத்தவர்கள் பலர். அத்தொழிற்சாலை 1996-இல் மூடப்பட்டது. அந்தக் கைப்பழக்கமும் அதனோடு மூடப்பட வேண்டியதில்லை.

எல்லோரும் இவ்வேலையைத் தாமே செய்ய வேண்டும் என்று நான் கூறவில்லை. தக்க கருவியும் கையேடும் பொறுமையும் இல்லாதவர் பணம் கொடுத்துச் செய்விப்பதே முறை. ஆயினும் முறையை அறிந்தவர், "பின்சக்கரத்தையும் கழற்றிப் பார்த்தீர்களா? பழைய பேடுகளைக் காட்டுங்கள்," என்று கேட்பார். கேட்கத் தெரிந்தவரை ஏமாற்றுவது அரிது.

அந்த இளைஞன் கிளாம்பை வைத்துவிட்டுத் திருப்பும் கருவியை வாங்கி வந்து மாலைக்குள் வேலையை முடித்தான். கோடு விழுந்திருந்த டிஸ்குகளையும் மாற்றினான். போகிக்கு முந்திய நாள் பகலில் எனக்குத் தொலைபேசியில் பேசினான்.

"பண்ணாரிக்கு வந்துவிட்டோம் சித்தப்பா. இரண்டாம் கியரிலேயே இறங்கினேன். அம்மா வழியெல்லாம் உறங்கிவிட்டார்கள்," என்றான்.

இருபத்தேழு வளைவுகளிலும் ஒரு தாய் நிம்மதியாக உறங்கினார் என்றால், வாயிலில் செலவிட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை வீண்போகவில்லை. நீங்களும் ஊருக்குப் புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்னதாகவே பின்சக்கரத்தை ஒருமுறை கழற்றிப் பாருங்கள்.

அடுத்த திங்கள், டிரம் பிரேக் உள்ள சிறு கார்களைப் பற்றிக் காண்போம்.